வங்கத்துக் காந்தா: போர்வையில் தைத்த குடும்ப வரலாறு



வடநாட்டில் நாம் ஓதிக் கொண்டிருந்த காலத்தில், எம்முடன் ஒரே அறையில் வங்காள மாணவர் ஒருவர் தங்கியிருந்தார். முர்ஷிதாபாத் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். மார்கழிக் குளிர் கடுமையானபோது அவர் தமது தகரப் பெட்டியைத் திறந்து பழைய போர்வை ஒன்றை எடுத்து விரித்தார். பல புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளியே தெரியாத அளவுக்கு நெருக்கமாகத் தைத்த போர்வை அது. நடுவில் ஒரு தாமரை. நான்கு மூலைகளிலிருந்தும் அதனை நோக்கி வளரும் நான்கு மரங்கள். ஓரங்கள் நைந்திருந்தன. ஆயினும் தையல் எங்கும் விட்டுப் போகவில்லை.

"இதைத் தைத்தவர் யார்?" என்று கேட்டோம். "எங்கள் நானியின் தாயார்" என்றார். "அவர்களின் பெயர் என்ன?" என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. அன்றிரவே தமது தாயாருக்குக் கடிதம் எழுதினார். ஒரு மாதத்திற்குப் பின் பதில் வந்தது. ஊரில் எல்லோரும் அவரை மூத்த மகனின் பெயரைச் சொல்லி 'இன்னாரின் தாய்' என்றே அழைத்தார்களாம். இயற்பெயரை அறிந்திருந்தவர் நானி ஒருவரே; அவரும் முந்தைய ஆண்டில் வஃபாத்தாகி விட்டார்கள்.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையாகிய ஸனதை நாள்தோறும் பாடமாகப் படித்தவர்கள் நாங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறிவிப்பாளரின் தந்தை யார், ஆசிரியர் யார், எந்த ஆண்டில் மரணித்தார் என்றெல்லாம் மனனம் செய்தவர்கள். ஆனால் மூன்று தலைமுறைக்கு முன் வாழ்ந்த ஒரு தாயின் பெயரை அந்த அறையில் ஒருவராலும் சொல்ல இயலவில்லை. எமது பாட்டியின் தாயார் பெயர் எமக்குத் தெரியுமா என்று எம்மை நாமே கேட்டுக் கொண்டோம். தெரியவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

காந்தா என்பது யாது?

வங்காளத்தில் இப்போர்வைக்குக் காந்தா என்று பெயர். பழந்துணியைக் குறிக்க நாம் வழங்கும் 'கந்தை' என்னும் சொல்லும் இதனுடன் உறவுடையது. இரண்டிற்கும் மூலம் 'கந்தா' என்னும் வடசொல்லே. சித்திர வேலைப்பாடு உடையதை 'நக்ஷி காந்தா' என்பர். 'நக்ஷ்' என்பது அரபுச் சொல். நம்மூர்த் தட்டார்கள் சொல்லும் 'நகாசு வேலை'யும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

காந்தாவுக்கென்று எந்தப் பொருளையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உடுத்தி உடுத்தி மென்மையாகிப் போன புடவை, வேட்டி, லுங்கி ஆகியவற்றை அடுக்கி வைப்பார்கள். பழம்புடவையின் கரையிலிருந்து வண்ண நூலை இழை இழையாக உருவி எடுத்து அதனைக் கொண்டே தைப்பார்கள். ஊசி மேலும் கீழுமாகச் சென்று வரும் எளிய ஓட்டுத் தையல்தான் அதன் அடிப்படை. வீட்டு வேலைகள் ஓய்ந்த பின் கிடைக்கும் சிறு பொழுதுகளில் தைப்பதால், ஒரு காந்தா முடியப் பல மாதங்கள் ஆகும். சில வேளைகளில் ஆண்டுகளும் ஆகும். தாய் தொடங்கி மகள் முடித்தவையும் உண்டு. பழைய காந்தா கிழிந்தால் அதனை எறிந்து விடாமல், புதியதன் உள்ளடுக்காக வைத்துத் தைத்து விடுவதும் வழக்கம். ஆகவே ஒரு போர்வைக்குள் இன்னொரு தலைமுறையின் போர்வை மறைந்திருக்கக் கூடும்.

பயன்பாட்டுக்கேற்ப அதற்குப் பல பெயர்கள் உண்டு. குளிருக்குப் போர்த்தும் கனத்த காந்தா 'லேப்'; விருந்தினர் அமர விரிப்பது 'சுஜனி'; நூல்களைச் சுற்றி வைப்பது 'பய்தன்'; கண்ணாடியும் சீப்பும் வைத்துச் சுருட்டுவது 'ஆர்ஷிலதா'. முஸ்லிம் இல்லங்களில் உணவு பரிமாற விரிக்கும் 'தஸ்தர்கான்', குர்ஆன் ஷரீஃபை வைக்கும் உறையாகிய 'கிலாஃப்' ஆகியவற்றையும் காந்தாவாகத் தைத்தனர். பிறந்த குழந்தையைப் பொதியும் துணியும் காந்தாவே.

கணக்கில் வந்ததும் வராததும்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் வங்கத்தில் தைத்த மெத்தைப் போர்வைகளைப் போர்த்துக்கீசிய வணிகர்கள் கப்பலேற்றி ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். அவை விற்பனைக்காகவே தைத்தவை. மன்னர்களும் பிரபுக்களும் வாங்கிப் பேணியதால் அவற்றுட் சில இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. வீட்டுக் காந்தாவின் நிலை வேறு. அதனை யாரும் விற்கவில்லை; யாரும் கணக்கில் எழுதவில்லை. மகளுக்கும் பேரனுக்கும் கைமாறி, நைந்து மறைந்தது. இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையவையும் 19ஆம் நூற்றாண்டைத் தாண்டுவது அரிது.

இருபதாம் நூற்றாண்டில்தான் கற்றோரின் பார்வை இதன்மீது விழுந்தது. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882-1941) வங்கத்துக் கிராமங்களில் பணியாற்றியபோது காந்தாக்களைத் தேடிச் சேகரித்தார். அவர் தொகுத்தவற்றைக் கொண்டு, கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் 1963இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கலை வரலாற்று அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தா பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவர் சேகரித்தவை இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளன.

இவர்கள் இருவருக்கும் முன்னரே, காந்தாவைப் பாமர மக்களின் நெஞ்சில் நிறுத்தியவர் ஃபரீத்பூர் மண்ணின் கவிஞர் ஜஸீமுத்தீன். 1929இல் வெளிவந்த 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் அவரது கதைக் காவியத்தில், கணவனைப் பிரிந்த இளம் மனைவி ஒருத்தி தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து வைக்கிறாள். தான் இறந்தபின் அதனைத் தன் கப்ரின்மேல் விரிக்குமாறு சொல்லிச் செல்கிறாள். எழுத்தறியாத பெண்ணுக்கு ஊசியே எழுதுகோலாயிற்று என்பதை அக்காவியம் உலகறியச் செய்தது.

பெயரைத் தைத்த ஒரு பெண்

குருசதய் தத் தொகுப்பில் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புகழ்பெற்ற காந்தா ஒன்று உள்ளது. மானதாசுந்தரி என்னும் பெண்மணி தம் தந்தைக்காகத் தம் கையாலேயே தைத்தது. இச்செய்தி நமக்கு எப்படித் தெரியும்? அவரே அதனைத் துணியில் எழுத்தாகத் தைத்து வைத்தார். அந்த ஒரு வரி இருப்பதால், நூறாண்டுகளுக்கும் மேலாகியும் தைத்தவர் யார், யாருக்காகத் தைத்தார் என்பவை அழியவில்லை.

அவ்வரியைத் தைக்காத பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களின் வேலைப்பாடு எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஆயினும் அருங்காட்சியகப் பலகையில் அவர்களுக்குரிய இடத்தில் 'தைத்தவர் அறியப்படவில்லை' என்றே எழுத வேண்டியிருக்கிறது. பெயரைக் காப்பாற்றக் கூடியவர்கள் அக்குடும்பத்தார் மட்டுமே. அவர்கள் கேட்டு எழுதாமல் விட்டால், பின்னர் எந்த அறிஞராலும் அதனைக் கண்டெடுக்க முடியாது.

எழுதி வைக்கும் முறை

ஒரு குடும்பப் போர்வையைப் பதிவு செய்வது கடினமான காரியமன்று. வெளிச்சமான இடத்தில் விரித்து நீள அகலங்களை அளக்க வேண்டும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, முன்புறம், பின்புறம் இரண்டையும் படம் எடுக்க வேண்டும். எத்தனை அடுக்கு, என்ன துணி, என்ன நிற நூல், எங்கெங்கே ஒட்டுப் போட்டுள்ளது என்பவற்றைக் குறிக்க வேண்டும். கிழிசலும் கறையும்கூட வரலாறே. அவற்றை மறைக்க வேண்டியதில்லை.

அதன்பின் வீட்டின் மூத்த பெண்மணியை அருகில் அமர்த்திக் கேட்க வேண்டும். தைத்தவரின் பெயர், அவர் பிறந்த ஊர், யாருடைய மகள், யாருக்காகத் தைத்தார், எந்த வேளையில், பின்னர் யார் யார் கைக்கு மாறியது? ஆண்டு நினைவில்லையெனில் 'பெரிய புயலுக்கு முந்திய ஆண்டு', 'மூத்தவனின் நிக்காஹ் நடந்த ஆண்டு' என்று சொல்வார்கள். அதனை அப்படியே எழுத வேண்டும். நேரில் கண்டது எது, செவிவழிச் செய்தி எது என்பதைப் பிரித்தெழுதுவது அவசியம். ஸனதின் ஒழுங்கு இங்கும் பொருந்தும்.

எழுதியதைத் துணியின்மேல் பசையிட்டு ஒட்டலாகாது. சிறு பருத்தி நாடாவில் பெயரை எழுதி, ஓரத்தில் இரண்டொரு தையலால் பிணைத்தால் போதும். பாலிதீன் பையில் அடைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே நலம். மடித்த மடிப்பிலேயே நெடுங்காலம் விட்டால் அவ்விடத்தில் இழை அறும். ஆகவே ஆண்டுக்கு இருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். நேர் வெயிலும், துணியில் நேரடியாகப் படும் அந்துருண்டையும் ஆகாதவை.

நமக்குரிய பாடம்

நம் இல்லங்களில் காந்தா இல்லாதிருக்கலாம். ஆனால் பாட்டி தைத்த குர்ஆன் உறையோ, தொழுகை விரிப்போ, தொட்டில் துணியோ ஏதேனும் ஓர் அலமாரியின் அடித்தட்டில் இருக்கக் கூடும். நம் ஜமாஅத்தின் பதிவேட்டைப் புரட்டினால் தலைக்கட்டுகளின் பெயர்கள் வரிசையாக உள்ளன. அத்தலைக்கட்டுகளைப் பெற்று வளர்த்த தாய்மார்களின் பெயர்கள் அதில் எத்தனை? அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் நம் வீட்டுத் திண்ணைகளிலும் கட்டில்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் நினைவோடு பேசும் நாட்கள் எத்தனை என்பது அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும்.

எமது அறைத் தோழர் ஓதி முடித்து ஊர் திரும்பும் முன், அப்போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்தார். ஒரு துண்டு நாடாவில் தம் தாயாரின் பெயரையும் நானியின் பெயரையும் எழுதினார். மூன்றாவது பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுத் தைத்தார். அத்தகைய வெற்றிடம் நம் குடும்பங்களில் நேராதிருக்க, இன்றைய இஷாவுக்குப் பின் வீட்டிற்குச் சென்றதும் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக் கொண்டு பாட்டியின் அருகில் அமருங்கள். முதற்கேள்வியாக அவர்களின் தாயாரின் பெயரைக் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் முன்னோர் அனைவரின் கப்ருகளையும் ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.