கெரோவாக் தேடிய பெயர்

அமெரிக்க நாவலாசிரியர் ஜாக் கெரோவாக் 1965இல் தம் மூதாதையரைத் தேடிப் பாரிசுக்கும், பின்னர் பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டனிக்கும் சென்றார். 1922இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரில் பிறந்தவர் அவர், வீட்டுமொழி பிரெஞ்சு. பெற்றோர் இருவருமே கியூபெக்கிலிருந்து வந்த குடும்பத்தினர். தம் முன்னோர் பிரபுக்கள் என்று நம்பியிருந்த அவர், தேடியது கிட்டாமல் திரும்பினார். அப்பயணம் 1966இல் 'பாரிசில் சடோரி' என்னும் சிறு நூலாயிற்று. அவர் தேடல் வீணானதற்குக் காரணம் அவருடைய பெயரிலேயே இருந்தது.

1608இல் கியூபெக் நிறுவப்பட்டது முதல் 1763இல் ஆங்கிலேயர் வசமாகும் வரை, நியூ பிரான்ஸ் என வழங்கிய அக்குடியேற்றத்தில் குடும்பப்பெயர் நிலையான ஒன்றாக இருக்கவில்லை. பலருக்கு இரு பெயர்கள். இரண்டையும் இணைத்தது 'தி' என்ற பிரெஞ்சுச் சொல். நம் கிரயப் பத்திரங்களில் 'என்கிற' என்று எழுதுகிறோமே, ஏறக்குறைய அதுதான். 1665இல் வந்திறங்கிய கரிஞான்-சாலியேர் படைப்பிரிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இருந்தனர். சுமார் 400 பேர் அங்கேயே தங்கிவிட்டனர். படைவீரனுக்குப் போர்ப்பெயர் ஒன்று உண்டு. லாஃப்ளேர் என்றால் மலர், சான்சூசி, கவலையற்றவன், ஜோலிகேர், இனிய நெஞ்சன். போருக்குப் போகிறவர்களுக்கு இத்தனை மென்மையான பெயர்களா என்று வியக்கத் தோன்றுகிறது. ஒரு மகன் தந்தையின் பழைய பெயரையும், இன்னொருவன் போர்ப்பெயரையும் வைத்துக்கொள்ள, இரண்டு தலைமுறையில் பங்காளிகள் அந்நியராயினர்.

இருந்தும் கியூபெக்கியர் பலர் பத்துப் பன்னிரண்டு தலைமுறைகளைச் சொல்ல முடிகிறது. அதற்குக் காரணம் மாதா கோயில் பதிவேடுகள். திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட, குறிக்கப்பட்டனர். மணமான பின்னும் ஆவணங்களில் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்பட்டாள். ஆகவே அங்கு வம்சம் தேடுவோர் தனி ஆளைத் தேடுவதில்லை. கணவன் மனைவி இணையைத் தேடுகிறார்கள். அவன் பெயர் மாறினாலும் அவள் பெயர் காட்டிக்கொடுத்துவிடும். 1663 முதல் 1673 வரை அரசின் செலவில் அனுப்பப்பட்ட ஏறத்தாழ 800 பெண்களை, 'அரசரின் புதல்வியர்' எனப்படுவோரை, இன்றும் பெயர் சொல்லி அறிய முடிவது இதனால்தான். 1640இல் கியூபெக் கோயில் எரிந்து பதிவேடுகள் சாம்பலானபோது, மக்களின் நினைவைக் கேட்டுக் கேட்டு மீண்டும் எழுதினார்கள். இப்பதிவேடுகளைக் கொண்டே சிப்ரியான் தாங்கே என்ற பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளில் வம்சாவளி அகராதியை வெளியிட்டார். 1966இல் மான்ட்ரியல் பல்கலைக்கழகம் இவற்றைக் கணினியில் தொகுக்கத் தொடங்கியது.

அப்பதிவேடுகள் எல்லோருக்கும் நியாயம் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வரலாற்றாசிரியர் மார்செல் திரூதெல் ஆவணங்களிலிருந்து திரட்டிய அடிமைகள் 4000க்கும் மேல்; பெரும்பான்மையோர் தொல்குடியினர். அவர்களில் மிகப் பலருக்கு ஞானஸ்நானப் பெயர் மட்டுமே உண்டு. பெற்றோர் பெயர் கிடையாது. அவர்களின் வழித்தோன்றல்கள் எந்த இணையைத் தேடுவார்கள்?

பின்னாளில் நியூ இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பிழைக்கப் போனவர்களிடையே பெயர்கள் இன்னொரு முறை மாறின. புவாவேர் கிரீன்வுட் ஆனார். ருவா கிங் ஆனார். கெரோவாக் குடும்பம் தன் பெயரை விடவில்லை. ஆனால் அந்தப் பெயரே ஒரு முகமூடி.

கியூபெக்கில் 1732இல் மணம் முடித்த அவர்களுடைய மூதாதை, பதிவேட்டில் லெ பிரிஸ் தெ கெரோவாக். 1990களின் இறுதியில் பிரெத்தோன் ஆய்வாளர் பத்ரிசியா தாஜியே அவரை அடையாளம் கண்டார். அவர் பிரிட்டனியின் யூயெல்கோவா ஊரைச் சேர்ந்த உர்பேன்-பிரான்சுவா லெ பியான். தந்தை அரசப் பத்திர எழுத்தர். திருட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளாகிக் கடல் கடந்தவர், லெ பியான் என்ற பெயரைக் கைவிட்டார். குடும்பத்தின் சிறு நிலமான கெர்வோவாக்கின் பெயரை மட்டும் எழுத்து மாற்றி வைத்துக்கொண்டார். பிரெத்தோன் மொழியில் 'பியான்' என்றால் சிறியவன் என்று பொருள். லெ பிரிஸ் வம்சத்தைத் தேடிய நாவலாசிரியர் 1969லேயே இறந்துபோயிருந்தார்.