பின்னாமல் விடும் கண்ணி

வேட்டியின் ஒரு பகுதியை இரு கைகளாலும் பிடித்து, நூல் ஓடும் திசையிலேயே இழுத்துப் பாருங்கள். அது எளிதில் இசைந்து கொடுக்காது. பனியனை இழுத்தால் நீளும். விட்டால் ஏறத்தாழப் பழைய அளவுக்கே திரும்பும். இரண்டும் பருத்தி நூலால் ஆனவைதாமே! பின் ஏன் இந்த வேறுபாடு?

வேட்டி நெய்யப்பட்டது. அதில் பாவு நூல்களும் ஊடை நூல்களும் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து, ஏறக்குறைய நேராகச் செல்கின்றன. பனியன் பின்னப்பட்டது. அதில் நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகிறது. ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழுள்ள கண்ணியின் வழியே நுழைந்து வருகிறது. இழுக்கும்போது நூல் அவ்வளவாக நீள்வதில்லை. வளைவுகளே வடிவம் மாறி இடம் தருகின்றன. இரண்டு ஊசிகளால் பின்னும் கம்பளி ஸ்வெட்டரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இரண்டு நூல்களின் தொல்லை

ஒரே நிறத்தில் ஸ்வெட்டர் பின்னுவது எளிது. பூவும் கட்டமும் வேண்டுமென்றால்தான் சிக்கல் தொடங்குகிறது. எகிப்தில் கிடைத்த இடைக்காலப் பருத்திக் காலுறைகளில் நீலமும் வெள்ளையும் கலந்த கோலங்களைக் காண்கிறோம். ஆகவே வண்ணப் பின்னல் மிகப் பழைய கலை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஃபேர் ஐல் என்னும் சிறு தீவு இக்கலையால் பெயர் பெற்றது. 1920களில் பிரிட்டிஷ் இளவரசர் எட்வர்டு அத்தீவின் பாணி ஸ்வெட்டரை அணிந்தபோது, அது நாகரிக உடையாகவும் பரவிற்று.

ஃபேர் ஐல் முறையில் ஒரே வரிசையில் இரண்டு நிற நூல்கள் செல்கின்றன. ஒன்று கண்ணியாகும்போது மற்றொன்று துணியின் பின்புறம் காத்திருந்து தொடர்கிறது. பின்னே செல்லும் நூல் இறுகினால் துணி சுருங்கும். தளர்ந்தால் அணியும்போது விரல் மாட்டும். இந்த அளவு கைக்குப் பழக நெடுநாள் பயிற்சி வேண்டும். எனவே புதிதாகப் பின்னுவோர் பலரும் வண்ணத்தை எண்ணித் தயங்கினர்.

வாக்கர் வகுத்த விதி

இத்தயக்கத்தைப் போக்க ஓர் எளிய உபாயம் உண்டு. அதுவே 'ஸ்லிப் ஸ்டிச்'. கண்ணியைப் பின்னாமல், இடக்கை ஊசியிலிருந்து வலக்கை ஊசிக்கு அப்படியே மாற்றி விடுவது. 'விடுகண்ணி' என்று சொல்லலாம். பின்னுவோர் முன்பே அறிந்திருந்த இதனை ஒழுங்கான விதிகளுக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பெண்மணி பார்பரா வாக்கர். 1968இல் பின்னல் கோலங்களின் பெருந்தொகுப்பு ஒன்றை வெளியிட்ட அவர், 1976இல் விடுகண்ணிக் கோலங்களுக்கென்றே தனி நூல் எழுதினார். அவற்றுக்கு 'மொசைக் பின்னல்' எனப் பெயர் சூட்டியவரும் அவரே.

விதி இதுதான். வெள்ளை நூலால் இரண்டு வரிசைகள் பின்னுக. அடுத்து சிவப்பு நூலை எடுத்து, கோலத்தில் வெள்ளை தெரிய வேண்டிய இடங்களில் மட்டும் கண்ணியை விட்டுவிட்டு, மற்றவற்றைப் பின்னுக. திரும்பும் வரிசையில், பின்னியவற்றையே மீண்டும் பின்னி, விட்டவற்றையே மீண்டும் விடுக. விட்ட இடங்களில் நூல் எப்போதும் துணியின் உட்புறமாகவே செல்ல வேண்டும். பிறகு மீண்டும் வெள்ளை. இப்போது சில சிவப்புக் கண்ணிகள் விடப்படும். எந்த வரிசையிலும் கையில் இருப்பது ஒரே நூல்தான். ஆனால் பின்னாமல் விட்ட வெள்ளைக் கண்ணி நீண்டு, சிவப்பு வரிசைகளின் முன்னே ஏறி நிற்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே வரிசையில் இரு நிறங்கள்! திரும்பும் வரிசை முன்னதைப் பின்பற்றுவதால், கோல வரைபடத்தின் ஒரு வரி பின்னலின் இரண்டு வரிசைகளுக்குப் போதுமானது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நீண்ட கண்ணி பல வரிசைகளை மேலும் கீழும் நெருக்கி இழுப்பதால் துணி அடர்த்தியாகிறது. அதே உயரத்துக்குக் கூடுதல் வரிசைகள் தேவைப்படுகின்றன. ஆகையால் ஸ்வெட்டர் தொடங்குமுன், சிறு மாதிரித் துண்டு பின்னி அளந்து கொள்வது அவசியம்.

கையிலிருந்து பொறிக்கு

1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்தார். பின்னாளில் வளர்ந்த பொறிகளிலும் இந்த விடுகண்ணி உண்டு. ஊசி எழுந்தால் புதிய கண்ணி பிறக்கும். எழாவிட்டால் நூல் பின்னே செல்லும், பழைய கண்ணி அங்கேயே காத்திருக்கும். 'பின்னு', 'விடு' என்னும் இரண்டே கட்டளைகளின் வரிசையில் ஒரு கோலம் முழுவதும் அடங்கிவிடுகிறது. கணிப்பொறியின் ஒன்று, சுழி என்னும் இரண்டு குறிகளை இது நினைவூட்டுகிறது அல்லவா?

அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, கண்ணிகளின் வகையையும் அடுக்கையும் மாற்றினாலே துணியின் நெகிழ்ச்சி பெரிதும் மாறுவதை அளந்து காட்டியது. அனுபவமுள்ள பின்னற்காரர்களின் விரல்கள் நெடுங்காலமாக உணர்ந்திருந்ததற்கு இயற்பியல் எண்களைத் தந்தது.

வீட்டில் பெண்கள் செய்யும் கைவேலையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பொருளின் இயல்பை உற்றறிவதும், அறிந்ததை விதியாக்குவதும், அவ்விதியைப் பிறர் கையிலும் பலிக்கும்படி எழுதி வைப்பதும் அறிவியலின் வழிமுறைகள். வாக்கர் செய்தது இவையே. அதனால்தான் நேற்றுப் பின்னக் கற்ற ஒருவரும் இன்று வண்ண ஸ்வெட்டரைத் துணிந்து தொடங்க முடிகிறது.