‘கட்டி’ என்னும் ஒரு சொல்: பவானிபூரிலிருந்து எம்.ஆர்.ஐ. வரை

தமிழில் ‘கட்டி’ என்னும் சொல் சீழ் கோத்த வீக்கத்தையும் கொழுப்புத் திரளையும் புற்றையும் ஒருங்கே குறிக்கிறது. எது தீங்கற்றது, எது உயிர்கொல்லி என்று சொல் பிரித்துக் காட்டுவதில்லை. தொட்டுப் பார்க்கும் கையும் பல வேளைகளில் பிரித்தறிவதில்லை. அந்த வேறுபாட்டை ஒரு கருவி சொல்லிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு.

கல்கத்தாவின் பவானிபூரில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வழங்கிய இல்லத்தில் 1926இல் சித்தரஞ்சன் சேவா சதன் தோன்றியது. அதிலிருந்து கிளைத்த புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரி 2 அன்று ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்துவைத்தார். ரேடியத்தைக் கண்டறிந்த இணையரின் மகள் அவர். அன்றைய மருத்துவத்தில் கதிரியக்கம் புற்றை எரித்தது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டியது. தசையையும் அதனுள் வளர்ந்த கட்டியையும் எக்ஸ்ரேயால் தெளிவாகப் பிரித்துக் காட்ட இயலவில்லை.

அதே நகரில், சாகா அணுக்கரு இயற்பியல் கழகத்தைச் சேர்ந்த ஏ. கே. சாகாவும் டி. பி. தாஸும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வின் கோட்பாட்டை விளக்கும் நூலொன்றை 1957இல் வெளியிட்டனர். அது இயற்பியலாளருக்கான நூல். நோயாளி அதில் இல்லை.

நோயாளியை நோக்கிய திருப்பம் 1971இல் நிகழ்ந்தது. அமெரிக்க மருத்துவர் ரேமண்ட் டமேடியன், எலிகளின் இரு புற்றுக் கட்டிகளில் நீர் மூலக்கூறுகளின் தளர்வு நேரம் இயல்பான திசுக்களின் அளவுகளுக்கு வெளியே அமைவதைக் கண்டார். தீங்கற்ற இரு நார்க்கட்டிகளிலோ அது தசையின் அளவை ஒத்திருந்தது. அறுத்தெடுத்த திசு தீங்கற்றதா, புற்றா என்பதை ஓர் எண் விரைந்து சொல்லக்கூடும் என்ற எண்ணம் அவ்வாறு பிறந்தது. 1973இல் பால் லாட்டர்பர் அவ்வதிர்வைப் படமாக்கினார். பின்னர் மருத்துவமனைகளுக்குள் நுழைந்தபோது, நோயாளிகள் அஞ்சாதிருக்க, பெயரிலிருந்து ‘அணுக்கரு’ நீங்கியது.

அந்த ஒற்றை எண் மனித உடலில் நிலைக்கவில்லை. இருவகைக் கட்டிகளின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. ஆகவே இன்று எண்ணைவிடத் தோற்றமே வாசிக்கப்படுகிறது. கொழுப்புக் கட்டியின் ஒளிர்வு, கொழுப்பை அடக்கும் படத்தில் முற்றும் மறைந்தால் கவலை குறையும். 5 செ.மீ.க்கு மிகுந்த அளவு, தசையுறைக்கு அடியில் ஆழ்ந்த இருப்பு, சீரற்ற உள்ளமைப்பு ஆகியவை ஐயத்தை வளர்க்கும். ஆயினும் சில சார்கோமாக்கள் நீர்க்கட்டிபோல் தோன்றி ஏமாற்றும். சிறிதாக, ஓரம் தெளிந்து அமைவனவும் உண்டு.

எனவே இறுதித் தீர்ப்பு திசு ஆய்வுக்கே உரியது. ஆனால் வரிசை முக்கியம்: ஐயத்திற்குரிய கட்டியில் முதலில் படம், பிறகு ஊசி, அதன்பின் கத்தி. ‘வெறும் கட்டி’ என்று படமின்றி அறுத்தால், புற்றணுக்கள் சுற்றுத் திசுக்களில் சிதறலாம். மறு அறுவையில் காக்கக்கூடிய காலும் பறிபோகலாம். எம்.ஆர்.ஐ. தீர்ப்பு வழங்குவதில்லை, அவசரத் தீர்ப்பைத் தடுக்கிறது. ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் பல நோய்களுக்கு எதிராக அது பெரும் காவலே.