ஸ்புட்னிக் தந்த கடன் தள்ளுபடி

அக்டோபர் 4, 1957. சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவிய நாள். இதற்கும் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களின் கல்விக் கடனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது!

ரஷ்யா முந்திக்கொண்டதும் அமெரிக்காவில் பழி விழுந்தது பள்ளிக்கூடங்கள் மீது. கணக்கும் அறிவியலும் சொல்லித்தர நல்ல ஆசிரியர்கள் போதவில்லை என்றார்கள். அடுத்த ஆண்டே, 1958இல், ஜனாதிபதி ஐசனோவர் தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். (கல்விச் சட்டத்தின் பெயரில் 'பாதுகாப்பு' எப்படி நுழைந்தது என்று சொல்லவே வேண்டாம்.) இதன்படி ஒரு மாணவர் ஆண்டுக்கு 1,000 டாலர் வரை, மொத்தம் 5,000 டாலர் வரை கடன் வாங்கலாம். வட்டி 3 சதவீதம். படித்து முடித்து அரசுப் பள்ளியில் ஆசிரியரானால், பணியாற்றும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 10 சதவீதம் தள்ளுபடி. அதிகபட்சம் பாதிக் கடன். இரண்டே ஆண்டு வேலை பார்த்தவருக்கும் 20 சதவீதம் கழியும். எளிய கணக்கு!

இந்தக் கடன்தான் பின்னாளில் பெர்கின்ஸ் கடன் என்று பெயர் மாறியது. ஏழை மாணவர்கள் அதிகம் உள்ள பள்ளியில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றினால் முழுக் கடனும் போய்விடும். ஆண்டுவாரியாக 15, 15, 20, 20, 30 சதவீதம். 2017இல் புதிய பெர்கின்ஸ் கடன் தருவது நின்றுபோனது.

சிக்கல் 1998இல் ஆரம்பித்தது. அந்த ஆண்டு வந்த ஆசிரியர் கடன் தள்ளுபடித் திட்டத்தில் ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல், ஏழை மாணவர்கள் படிக்கும் பள்ளியில் வேலை பார்க்க வேண்டும். கிடைப்பது 5,000 டாலர். 2004இல் கணக்கு, அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு மட்டும் இது 17,500 டாலரானது. நான்காம் ஆண்டோடு விலகினால்? ஒரு காசும் கிடையாது. ஆண்டுக்கு ஆண்டு கழிக்கும் பழைய முறை இங்கே காணாமல் போய்விட்டது.

2007இல் இன்னொரு திட்டம் வந்தது. பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி. அரசு வேலையில் இருந்தபடி 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடன் முழுவதும் ரத்து. ஆனால் ஒரே பணிக்காலத்தை இரண்டு திட்டத்திலும் காட்ட முடியாது. 40,000 டாலர் கடன் உள்ள ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு முடிந்ததும் ஆசையாக 5,000 டாலர் தள்ளுபடி வாங்கிவிட்டால், 120 தவணை அதன் பிறகுதான் தொடங்கும். மொத்தம் 15 ஆண்டு! அதை வாங்காமல் இருந்தால் பத்தே ஆண்டில் வேலை முடிந்தது. அதுவே 17,500 டாலர் மட்டும் கடன் உள்ள கணக்கு ஆசிரியர் என்றால் முதல் திட்டம்தான் லாபம். இதைப் பள்ளியில் சேரும் முதல் நாளே யோசித்து முடிவெடுக்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

2017 அக்டோபரில் முதல் தொகுதி ஆட்கள் 120 தவணையைத் தொட்டார்கள். 2018 ஜூன் வரை விண்ணப்பித்தவர்கள் சுமார் 28,000 பேர். தள்ளுபடி பெற்றவர்கள் 96 பேர்! சிலர் வாங்கியிருந்தது வங்கிகள் வழியாக வந்த பழைய வகைக் கடன். அரசின் நேரடிக் கடன்தான் செல்லுபடியாகும். சிலர் தவறான தவணைத் திட்டத்தில் இருந்தார்கள். அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு 2019இல் கல்வித்துறை மீது வழக்குத் தொடுத்தது. 2021 அக்டோபரில் சமரசம் ஆனது.

அதே மாதம் அரசு ஒரு தற்காலிகச் சலுகையை அறிவித்தது. பழைய வகைக் கடனுக்குக் கட்டிய தவணைகளும் கணக்கில் வந்தன. ஆசிரியர் தள்ளுபடிக்குக் காட்டிய அதே ஐந்து ஆண்டுகளை இதற்கும் காட்டலாம் என்றார்கள். 2024 அக்டோபருக்குள் பொதுச்சேவைத் திட்டத்தில் தள்ளுபடி பெற்றவர்கள், ஆசிரியர் அல்லாதவர்களையும் சேர்த்து, 10 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். 2021க்கு முன்பு இது ஏறக்குறைய 7,000 பேர்தான்.

சலுகை 2022 அக்டோபர் 31 அன்று முடிந்தது. ஒரே ஐந்து ஆண்டை இரண்டு முறை காட்டக் கூடாது என்ற விதி மறுநாளே திரும்பி வந்துவிட்டது.