நிரலின் வயிற்றுக்குள் தமிழ்: ரிசோர்ஸ் கோப்புகளின் கதை

கணினி படிக்கிறவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம்தான். மற்றவர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம்.

ஒரு மென்பொருளைத் திறக்கிறீர்கள். "சேமி", "அச்சிடு" என்று பொத்தான்கள், மூலையில் ஒரு சின்னப் படம், சில சமயம் அதற்கென்றே ஓர் எழுத்துரு. இவை எதுவும் நிரலின் கட்டளைகள் அல்ல. ஆனாலும் நிரல் இருக்கும் அதே கோப்புக்குள் இவற்றையும் அடைத்து வைத்திருப்பார்கள். இதற்குத்தான் ரிசோர்ஸ் என்று பெயர். தமிழில் "வளம்" என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ "கட்டுச்சோறு" என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. போகிற ஊரில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று கையோடு கட்டிக்கொண்டு போவதுதானே!

முதன்முதலில் இதை ஒழுங்காகச் செய்தது ஆப்பிளின் மெக்கின்டோஷ், 1984இல். ரிசோர்ஸ் மேனேஜர் என்ற பகுதியை எழுதியவர் புரூஸ் ஹார்ன். கோப்புக்கு இரண்டு கிளை. ஒன்றில் தரவு, மற்றொன்றில் ரிசோர்ஸ். திரையில் வரும் சொற்களைக் கட்டளைகளிலிருந்து பிரித்து வைத்துவிட்டால், நிரலைத் தொடாமலேயே ஒருவர் பிரெஞ்சிலோ ஜப்பானியிலோ மாற்றிவிடலாம். 1985இல் வந்த விண்டோஸ் 1.0விலும் ரிசோர்ஸ்கள் இருந்தன. இன்றைய விண்டோஸ் நிரலுக்குள் ரிசோர்ஸ் பகுதி ஒரு மரம் மாதிரி இருக்கும். முதல் படி வகை (படமா, சொல்லா, எழுத்துருவா), இரண்டாவது பெயர், மூன்றாவது மொழி. நிரல் "இன்ன வகை, இன்ன பெயர்" என்று கேட்டால், பயனரின் மொழிக்கு ஏற்றதை விண்டோஸ் எடுத்துக் கொடுக்கும். அந்தக் கணக்கில் இந்தியத் தமிழுக்கும் ஓர் எண் உண்டு: 1097.

எண் இருந்து என்ன பயன்? விண்டோஸ் 95, 98 இரண்டிலும் தமிழ் எழுத்துக்கே இடமில்லை. 1991இல் வந்த யூனிகோடு 1.0விலேயே தமிழ் இருந்தது, ஆனால் அது வீட்டுக் கணினிக்கு வந்து சேரவில்லை. நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? ஆங்கில எழுத்துகள் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து எழுத்துரு செய்தார்கள். கணினி அதை ஆங்கிலம் என்றே நினைத்துக்கொள்ளும், கண்ணுக்கு மட்டும் தமிழ் தெரியும். ஒவ்வொருவரும் எந்த எழுத்தை எங்கே வைப்பது என்று தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ததுதான் சிக்கல். ஒருவருடைய "க" இருக்கும் இடத்தில் இன்னொருவருக்கு "ழ".

அதனால் மென்பொருளோடு எழுத்துருவும் போக வேண்டியிருந்தது. சிலர் தனியாக நிறுவச் சொன்னார்கள். சிலர் நிரலுக்குள்ளேயே ரிசோர்ஸாக வைத்தார்கள். நிரல் தொடங்கும்போது தன் வயிற்றிலிருந்து எழுத்துருவை எடுத்துத் தற்காலிகக் கோப்பாக எழுதி, விண்டோஸிடம் பதிவு செய்யும். விண்டோஸ் 2000இல் அதுகூட வேண்டாம், நினைவகத்திலிருந்தே நேராக ஏற்றலாம் என்று ஒரு வசதி வந்தது. அப்படி ஏற்றிய எழுத்துரு அந்த நிரலுக்கு மட்டும்தான் தெரியும். நிரலை மூடினால் அதுவும் போய்விடும். சுத்தமான ஏற்பாடு. ஆனால் அந்த நிரலில் நீங்கள் எழுதிய கோப்பு? அதை வேறு எதில் திறந்தாலும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான்.

இங்கே எங்கள் கடற்கரைக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. நாசரேத்திலிருந்து கிழக்கே போனால் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல். முத்துக்குளித்துறையில் பல ஆண்டுகள் இருந்து தமிழ் கற்ற அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளார், 1578இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற 16 பக்கப் புத்தகத்தை அச்சிட்டார். அதன் கடைசிப் பக்கத்தில் கோவாவில் 1577இல் வார்த்த எழுத்துகளையும், கொல்லத்தில் 1578இல் வார்த்த எழுத்துகளையும் காட்டியிருக்கிறார்கள். அந்த அச்செழுத்துகள் போய் நானூறு வருடத்துக்கு மேலாகிறது. புத்தகப் பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, இன்றும் வாசிக்கலாம். ஆனால் 1996இல் ஒரு டி.டி.பி. கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகைக் கோப்பை இன்று திறந்து பாருங்கள்!

எழுத்துருவைக் கூடவே அனுப்புவது இணையத்திலும் நடந்தது. 1997இல் நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் ஆளுக்கொரு முறையில் பக்கத்தோடு எழுத்துருவை இறக்கின. ஒன்றுடையது மற்றொன்றுக்கு ஆகாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். கோப்புகளாகவும் கொடுத்தது. படிக்கப் பிரச்சினையில்லை. பழைய குறியேற்றத்தில் செய்த பி.டி.எஃப்.பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்தால்தான் கட்டுச்சோறு யாருடையது என்று தெரியும்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் தரங்கள் வந்தன. மின்னஞ்சல் குழுவில் பேசிப் பேசியே ஆர்வலர்கள் டிஸ்கியை உருவாக்கினார்கள். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழைக் கொண்டுவந்தது.

அதோடு தொல்லை தீர்ந்ததா என்றால், இல்லை. விஷுவல் பேசிக் 6இல் யூனிகோடு தமிழ் போட்டால் பொத்தானில் வரிசையாகக் கேள்விக்குறிகள். ஜாவாவில் சொற்களை வைக்கும் ப்ராப்பர்ட்டீஸ் கோப்புக்கு லத்தீன் எழுத்து மட்டும்தான் தெரியும். "தமிழ்" என்று எழுத ஐந்து யூனிகோடு குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு ஆங்கிலக் குறிகள், ஆக முப்பது! 2017இல் ஜாவா 9 வரும்வரை இதே கதைதான். 2002இல் வந்த டாட்நெட்டில் தமிழ் பிரச்சினையில்லை. அங்கே உள்ளே வைத்த கோப்பை எடுப்பதுதான் கஷ்டம். நேம்ஸ்பேஸ், அடைவு, கோப்பின் பெயர் எல்லாவற்றையும் புள்ளி வைத்துச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் திட்டாது, வெறுமனே ஒரு "நல்" கொடுக்கும். (லேபில் எத்தனை பேர் இதில் மாட்டியிருக்கிறீர்கள்?)

லினக்ஸ் உலகம் வேறு வழியில் போனது. 1995இல் வந்த குனு கெட்டெக்ஸ்ட் சொற்களை நிரலுக்கு வெளியே, தனிக் கோப்பில் வைத்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்தக் கோப்பைத் தமிழாக்கலாம். கே.டி.ஈ., க்னோம் எல்லாம் தமிழ் பேசியது ஆர்வலர்கள் இரவு உட்கார்ந்து இப்படி மொழிபெயர்த்ததால்தான். கட்டுச்சோற்றைவிட இந்தப் பொதுப் பந்திதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் கட்டுச்சோற்றிலும் ஒரு நல்லது உண்டு. டிஸ்கி, டாப் மாதிரித் தெரிந்த குறியேற்றங்களுக்கு மாற்றிகள் இருக்கின்றன. ஒரே ஒரு மென்பொருள் மட்டும் பயன்படுத்திய தனிக் குறியேற்றத்துக்கு எதுவும் இருக்காது. அதன் திறவுகோல் அந்தப் பழைய நிரலின் வயிற்றில் மட்டும்தான். ரிசோர்ஸ் பார்க்கும் கருவி ஒன்றில் நிரலைத் திறந்து, எழுத்துருவைத் தனியே சேமித்து, எந்த இடத்தில் எந்த வடிவம் என்று அட்டவணை போட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றலாம். கொம்பில் மட்டும் கவனம்: பழைய முறையில் "கொ" என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறி. யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி, ஆக இரண்டு. வரிசையை மாற்றாமல் விட்டால் கொம்பு முந்தின எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் வீட்டில் பழைய தமிழ் மென்பொருள் சி.டி. கிடந்தால், கோப்புகளை மட்டும் நகலெடுத்துவிட்டு நிரலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து அட்டவணை போடலாம்.