மைதானத்தில் விழுந்த மதில்

யாழ்ப்பாணத்தின் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904இலே தொடங்கிய துடுப்பாட்டப் போட்டியை 'வடக்கின் பெரும் போர்' என்கிறோம். மெதடிஸ்த மிஷனுக்கு எதிரே அங்கிலிக்கன் மிஷன்! 1917இலே அமெரிக்க மிஷனின் யாழ்ப்பாணக் கல்லூரியும் கத்தோலிக்கரின் பத்திரிசியார் கல்லூரியும் மற்றோர் இணையாயின. யாழ் இந்துவும் கொக்குவில் இந்துவும் பின்னாளில் 'இந்துக்களின் போர்' கண்டன. ஆட்டத்திறனா இந்த இணைகளை வகுத்தது? அன்று, பள்ளியை நிறுவிய சபைகளின் மதிலே மைதானத்திலும் விழுந்தது என்பேன்.

1960ஆம் ஆண்டின் முடிவில் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. மத்திய கல்லூரியும் யாழ் இந்துவும் அரசுடைமையாயின. பரியோவான், பத்திரிசியார், யாழ்ப்பாணக் கல்லூரி ஆகிய மூன்றும் கட்டணம் அறவிடாத தனியார் பள்ளிகளாய் நின்றன. உடைமை மாறிற்று, இணைகள் மாறவில்லை. பெரும் போர் நாளிலே நகரம் திரளும். மட்டை வாங்க வகையற்ற சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளையும் வருவான், பார்வையாளனாக.