பச்சை வில்லை, சிவப்பு வில்லை

போர்க்காலப் பொருள்களைச் சேகரிக்கிறவர்களுக்குப் பதக்கத்தின் மேல்தான் மோகம். ராஜாவின் தலை இருக்கிறது, பட்டு நாடா இருக்கிறது, விலையும் போகிறது. சிப்பாயின் கழுத்தில் தொங்கிய அடையாள வில்லையை அவர்கள் உதிரிச் சாமானாகவே பாவிக்கிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. காத்திவாக்கத்திலிருந்து ராயபுரம் வரை காயலான் கடைகளில் சில வருஷங்கள் அலைந்ததில் கைக்கு வந்தவை மிகக் கொஞ்சம். புதிதாக அடித்த தகர நகல்கள்தான் நிறைய. ஆனால் அவற்றைப் பற்றித் தேடிப் படித்தது வேறெங்கோ கொண்டுபோய்விட்டது.

வில்லை ஒரு படிவம். எண், பெயர், படைப்பிரிவு, மதம், அவ்வளவுதான். பாங்க் கவுண்ட்டரில் உட்கார்ந்து நாளெல்லாம் பெயரும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறவனுக்கு இது அந்நியமான சமாச்சாரமில்லை. (நம்முடைய இனிஷியலை வெள்ளைக்காரனின் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் நுழைக்கிற அவஸ்தை இன்றும் தீரவில்லை.) இந்தப் படிவத்தைச் சரிபார்க்கும்போது கணக்குக்காரர் உயிரோடு இருக்கமாட்டார், அதுதான் வித்தியாசம்.

பிரிட்டிஷ் ராணுவம் முதலில் அலுமினியத்தில் ஒரே ஒரு வில்லை கொடுத்தது. 1914இல் அது சிவப்பு ஃபைபராக மாறிற்று. ஆள் செத்தால் அத்தாட்சியாக வில்லையை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சாவு பதிவாகிவிடும், சடலம் அநாமதேயமாகிவிடும். பிற்பாடு அதே இடத்தைத் தோண்டுகிறவனுக்கு அது யாரோ. கணக்கை ஒழுங்காக எழுதப்போய் ஆளையே தொலைக்கிற இந்த விசித்திரம் சரிசெய்யப்பட 1916 செப்டம்பர் ஆயிற்று. அப்போது இரண்டு வில்லைகள் வந்தன. பச்சை எண்கோணம் உடலோடு இருக்கும், சிவப்பு வட்டம் அலுவலகத்துக்குப் போகும். ஃபைபர் ஈரமண்ணில் மக்கிப்போகும் என்பது வேறு விஷயம். நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைத்த போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தவர் 856 பேர் கிடக்கிறார்கள். அங்கே கற்களைப் பார்த்தால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று வில்லையின் வாசகத்தையே பெரிதாக்கிச் செதுக்கியதுபோல இருக்கும்.

வில்லையில் இருக்கும் பெயரெல்லாம் கல்லுக்கு வந்து சேர்ந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். மெசபடோமியாவில் செத்து, கல்லறை அறியப்படாதவர்களுக்காக 1929இல் பாஸ்ராவில் ஒரு சின்னம் எழுப்பினார்கள். 40,000 பேருக்கு மேல். வெள்ளைச் சிப்பாய்க்கு அதில் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் உண்டு. இந்தியச் சாதாரணச் சிப்பாய்க்கு, படைப்பிரிவின் கீழே வெறும் ஒரு தொகை. மதராஸ் சாப்பர்கள் அந்தப் போர்முனையில் இருந்தவர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல்தான் அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது: 45,000 முதல் 54,000 பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள், இன்னும் குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ, அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள். பெயர்கள் ஒரு காலத்தில் ஏதோ ஒரு குமாஸ்தாவின் மேஜை மேல் கிடந்திருக்கும். என் ஜாதிக்காரன்.

வில்லையே இல்லாமல் போனவர்கள் இதற்கும் கீழ்ப்படி. 1942–43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். போர்க்கைதிகள் 60,000 பேரில் 12,000க்கு மேல் செத்தார்கள். கைதிகள் ரகசியமாக வைத்திருந்த புதைப்புக் குறிப்புகளைக் கொண்டு 1945இல் ஒரு குழு பாதை நெடுகத் தேடிப்போய்க் குழிகளைக் கண்டெடுத்தது. காஞ்சனபுரியில் மட்டும் இன்று 6,982 கல்லறைகள், வரிசை பிசகாமல். மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்களுக்கு அப்படிக் குறிப்பு வைக்க யாருமில்லை. தோட்டத்துச் செக்ரோலில் இருந்த பெயர் காட்டுக்குள் கூடவரவில்லை. காலராவில் விழுந்தவர்களைக் கும்பலாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு ஏறத்தாழ 90,000 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மறுபடியும் ஒரு தொகை.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம், பேசவேண்டியதுதான். மலேசியாவில் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயி’லை நம்மில் எத்தனை பேர் புரட்டியிருக்கிறோம்? அதைப் பற்றி யாராவது இந்தப் பக்கங்களில் எழுதினால் நல்லது.